மொட்டை டயருக்குப் பட்டன் வெட்டிய மகனுக்கு

சலாம் சொல்லாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்று என்னை வளர்த்துவிட்டார்கள். அதனால், அஸ்ஸலாமு அலைக்கும். உன் மேல் சாந்தி உண்டாகட்டும். என்னிடம் அது இப்போது ஒரு சொட்டுக்கூட இல்லை. நேற்று ஜும்மா தொழுதுவிட்டு சைகோனின் முதல் டிஸ்ட்ரிக்டிலிருந்து நம் சீனர் பேட்டை சோலோனுக்குத் திரும்பி வந்தேன். நம் தெருமுனையில் திரும்பும்போதே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ரப்பர் தீய்கிற நாற்றம் டயர் கடைத் தெருவில் புதிதில்லைதான். ஆனால் சூடான கத்தி ரப்பருக்குள் மெதுவாக இறங்கும்போது வருகிற நாற்றம் வேறு. அது நாக்கில் கசக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஆனாலும் நான் அதை மறக்கவில்லை. நம் கடைக் கொட்டகைக்குள் வந்து பார்த்தால், உன் நான்கு வண்டிகளின் பதினாறு டயர்களும் ரிம்மோடு வரிசையாகச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பன்னிரண்டு முடிந்துவிட்டன. பதின்மூன்றாவதின் மேல் நீ குனிந்து உட்கார்ந்து, மண்ணைப் பிடிக்கிற ரப்பர் மேடுகளான பட்டன்கள் தேய்ந்து போன இடத்தில், அவற்றுக்கு நடுவே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தாய். கை நடுங்காமல், கோடு கோணாமல். அந்தக் கை யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா?

நான் கத்தினேன். தெருவில் எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ தலையை நிமிர்த்தி, முகமூடியை இறக்கிவிட்டு, சிரித்தாய். "ஏன் வாப்பா கத்துறீங்க? நீங்க செஞ்ச வேலைதானே? பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே" என்றாய். வாயடைத்தவன் கையை ஓங்குவான். ஓங்கவும் செய்தேன், முப்பது வயது மகன் மேல். நீ நகரவில்லை. "ஞாயித்துக்கிழமை திறக்குறோம். பாதிப் பேர் வர்றேன்னு சொல்லிட்டாங்க. டயருக்காக நிறுத்த முடியாது. நாளைக்குக் காலையில லாரில ஏத்தி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மீதி நான்கையும் வெட்டி முடித்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் நிலம் இருக்கிற டோங் நாய் பக்கம் போய்விட்டாய். உன் வண்டிகள் அங்கே கட்டைகளின் மேல் சக்கரமில்லாமல் நிற்கின்றன. டயர்கள் என்னிடம் இருக்கின்றன. லாரி இன்று காலை கிளம்ப வேண்டும். அதற்குள் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் இடத்தில் வேறு யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. திட்டுவதற்கு எனக்கு வசதி.

முதலில் உன் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி, பழைய ஏ.டி.வி. நான்கு வாங்கினாய், சரி. ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் குத்தகைக்கு நிலம் எடுத்தாய், சரி. சைகோனில் வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் உருள ஆசைப்படுவார்கள் என்று கணக்குப் போட்டாயே, அதையும் நான் குறை சொல்லவில்லை. வாசலுக்கு ஆரஞ்சு வர்ணம் அடித்தாய். வண்டிகளுக்குப் புதுப் பெயின்ட், விளக்கு, கொடி. எல்லாம் செய்தாய். மண்ணைத் தொடுகிற ஒரே பொருள் டயர். அதை மட்டும் கடைசிக்கு வைத்தாய். டயர்க்காரன் மகன் நீ. போன மாதம் உன் நிலத்துக்கு வந்து, உன் பாதை முழுவதையும் வேர்க்க வேர்க்க நடந்து பார்த்துவிட்டு, என்ன டயர் வேண்டும் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். அந்த அளவு டயர் இங்கே யாரிடமும் கையிருப்பில் இல்லை, வரவழைக்கப் பத்து நாளாகும் என்றேன். பத்து நாள் உன்னால் பொறுக்க முடியவில்லை. அன்று காதில் வாங்காததை இன்று கண்ணால் படி. எனக்குக் கோபம் வந்தால் தொழில்தான் பேசவரும்.

உன் மண் செம்மண். காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. பாதையின் முதல் பாதி ரப்பர் மரங்களுக்கு நடுவே கெட்டித் தரை. அப்புறம் ஓடையைக் கடக்கிற இடத்தில் முழங்கால் சேறு. அதற்கப்பால் கருங்கல் துருத்திக்கொண்டிருக்கிற மேடு. நீ என்ன செய்தாய்? ஏதோ படத்தில் பார்த்தாயாம், விரல் நீளத்துக்குப் பட்டன் நிற்கிற பெரிய சேற்று டயர், அது மாதிரி இருக்க வேண்டும் என்றாய். அந்த டயர் சேற்றுக்கென்றே பிறந்தது. பட்டன்கள் உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். சக்கரம் சுழலும்போது இடுக்கில் சிக்கிய சேறு தானாக உதறிக்கொண்டு போகும். அதே டயரைக் காய்ந்த கெட்டித் தரையில் ஓட்டினால் வண்டி குலுங்கிப் பல்லெல்லாம் ஆடும். வளைவில் அந்த உயரப் பட்டன்கள் மடங்கிக்கொடுத்து, எதிர்பாராத நேரத்தில் வழுக்கும். அதற்காகக் குட்டையாக, நெருக்கமாகப் பட்டன் வைத்த பாதை டயரைப் போட்டால், தோட்டத்துக்குள் சுகமாகப் போவாய். ஓடையில் இறங்கியதும் சேறு இடுக்கையெல்லாம் அடைத்து, டயர் வழவழவென்று உருளைக்கட்டை ஆகிவிடும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவாந்தரமாக ஒன்று சொன்னேன். பட்டன் மிதமான உயரம், நடுவில் இடைவெளி, ஓரப் பட்டன்கள் டயரின் பக்கவாட்டிலும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். சேற்றுத் தடத்துக்குள் சக்கரம் சிக்கினால், பள்ளத்தின் சுவரைப் பிடித்து ஏறி வருவதற்கு அந்த ஓரம்தான் உதவும். கருங்கல் மேட்டுக்காக ரப்பருக்குள் ஆறு அடுக்கு நூல் வைத்த டயர் என்றேன். கொஞ்சம் கனம், கொஞ்சம் விறைப்பு, ஆனால் கல் கிழிக்காது. உன் வண்டியில் ஏறப்போகிறவர்கள் பந்தயக்காரர்கள் இல்லை. முதல் முறையாகக் கைப்பிடியைப் பிடிக்கிறவர்கள். டயர் அவர்களை ஏமாற்றாமல் இருந்தால் போதும், படத்தில் அழகாகத் தெரிய வேண்டியதில்லை.

உயரத்தையும் சொன்னேன். உன் வண்டி இருபத்தைந்து அங்குல டயருக்குச் செய்தது. நீ இருபத்தேழு போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றாய். உயரமான சக்கரத்தைத் தள்ள எஞ்சின் முக்கும், பெல்ட் தீயும், அதைக்கூட விடு. வண்டி தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும், சரிவில் குறுக்கே போனால் கவிழும். ஒரே அச்சில் இருக்கிற இரண்டு டயரும் ஒரே உயரம்தானா என்று டயரில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து நம்பாதே, நாடா வைத்துச் சுற்றளவு எடு. தேய்ந்தது ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் போட்டால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுழல்கிற உன் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும், சுழல வேண்டிய திசை அது. போன மாதம் உன் ஆட்கள் ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நான்தான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

காற்றைப் பற்றிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அதில் நானே குப்புற விழுந்தவன். முதன்முதலாக நம் கடைக்கு ஒரு ஏ.டி.வி. வந்தபோது நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்று அடித்தே பழகிய கை. டயர் மெத்தென்று அமுங்குகிறதே, பாவம் என்று முப்பது பவுண்டு அடித்து, விண்ணென்று தட்டிப் பார்த்துத் திருப்தியாக அனுப்பினேன். அவர் கொட்டகை வாசலில் இருந்த சின்ன மேட்டில் ஏறினார். வண்டி பந்து மாதிரி எகிறி, அவரை பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார வைத்தது. எழுந்து சட்டையைப் பிழிந்துகொண்டே, "ஐயா, இதுக்கு ஆறு போதும்" என்றார். அந்த டயர் மண்ணின் மேல் அமுங்கித்தான் பிடிக்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழுக்குள் காற்று. நம் கடையில் இருந்த காற்றுமானியோ பத்துக்குக் கீழே எதையும் காட்டாது. சைகோனில் பாதி டயர்க்கடைகளில் இன்றைக்கும் அப்படித்தான், முள் அசையவில்லை என்றால் காற்றே இல்லை என்று நினைத்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். மறுநாளே சின்ன அளவு காட்டுகிற மானி ஒன்று வாங்கினேன். உன் இடத்தில் இருக்கிற மானி லாரிக்கானது. அதைத் தூக்கிப்போடு.

அந்தக் கதையை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தொட்டியில் விழுந்தவர் வரைக்கும் முழுசாகச் சொல்வேன். இன்னொரு கதை இருக்கிறது. நீ நேற்று சொன்னாயே, பெருநாளுக்குப் பெருநாள் சொல்லுவீங்களே என்று. அதைத்தான் இப்போது பேச வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த அளவை முதலில் எழுதுகிறேன். எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. நம் துணிக்கடை மூடியாயிற்று. பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்த காரைக்கால்காரர்கள் கிடைத்த விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். உன் பாட்டனார் அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்து, காத்திருந்தே கண்ணை மூடினார். நான் இங்கேயே நின்றுவிட்டேன். வயிற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே, சோலோனில் என் வயதுச் சீனன் ஒருவனோடு சேர்ந்து பஞ்சர் ஒட்டினேன். புது டயர் என்பது அப்போது கண்ணால் காண முடியாத சாமான். யாருக்கு எத்தனை என்று அரசாங்கம் மேலிருந்து ஒதுக்கி எழுதி வர வேண்டும். மொட்டை டயரோ தெருவெல்லாம் கிடந்தது. அதை வாங்கி, கரியடுப்பில் கத்தியைக் காய வைத்து, பட்டன் வெட்டி, விளக்குக் கரியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பூசி, புதுசு மாதிரி ஆக்கி விற்றோம். பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஒருவரே அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்கேயிருந்து வந்த சரக்கு?" என்று பொறாமையோடு கேட்டார். "ஒதுக்கீடு" என்று சொன்னேன். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பீர்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "ஒதுக்கீடு" என்கிற வார்த்தைக்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய். பிரியாணிச் சட்டி நடுவில் இருக்கும், விருந்தாளிகள் இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள், நானும் சொல்வேன். அந்த நேரத்தில் உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் போய்விடுவாள். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன், ஆனாலும் சொன்னேன்.

மிச்சக் கதையைக் கேள். எங்களிடம் ஒருவன் டயர் வாங்கினான். மூன்று சக்கர ஸே லாம் வண்டியில் சந்தைப் பெண்களையும் அவர்கள் கூடைகளையும் ஏற்றிப்போகிறவன். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவன். மனைவியின் தையல் இயந்திரத்தை விற்றுவிட்டு வந்ததாகச் சொன்னான். "தம்பி, இது புதுசுதானே?" என்று கேட்டான். "புதுசுதான் அண்ணே" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னது என் வாய். சீனன் சொல்லவில்லை, நான் சொன்னேன். அவன் அந்த டயரைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று வாரம் கழித்து, சா வா பாலத்து இறக்கத்தில், நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரையே தாங்கி நிற்கிற அந்தப் பாலத்தில், டயர் வெடித்தது. நான் வெட்டின பள்ளத்தோடேயே நூல் பிரிந்திருந்தது. வண்டி கைப்பிடிச் சுவரில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கீரை விற்கிற பெண் ஒருத்தியின் வலது கை அடியில் சிக்கிவிட்டது. முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

இது தப்பு. இதைவிடப் பெரிய தப்பு அடுத்த நாள் நடந்தது. அவன் கடைக்கு வந்தான், கையில் கிழிந்த டயர்த் துண்டோடு. நெற்றியில் கட்டு. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் இரும்புக் கம்பியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவன் சண்டை போடவில்லை. "தம்பி, ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். எனக்குப் பயம். போலீஸ் வருமோ, கடை போய்விடுமோ, இந்த ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று பயம். நான் துண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பெரிய தொழில்காரன் மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டி, "அண்ணே, எத்தனை பேரை ஏத்தினீங்க?" என்று கேட்டேன். "பதினோரு பேர்" என்றான். "கூடையெல்லாம் வேறயா? இந்த டயர் எப்படித் தாங்கும்? பாரம் அதிகம்ணே" என்றேன். அவன் தலை குனிந்தான். பிறகு, "என் தப்புதான். உங்க சரக்கைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவன் வண்டியை விற்றுவிட்டான் என்றும், சம்பாதிப்பதில் பாதியை அந்தக் கீரைக்காரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். அவன் இப்போது இருக்கிறானா, எங்கே இருக்கிறான், எதுவும் எனக்குத் தெரியாது. தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் தேடவில்லை. உன் அம்மாவிடம் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். அவள் அன்று கேட்டது, "அவரிடம் எப்போ போய்ச் சொல்லப்போறீங்க?" என்பதைத்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை விட்டது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது உனக்குப் புரிகிறதா, நேற்று நீ சிரித்தபோது எனக்கு ஏன் கை ஓங்கியது என்று? அந்த அடி எனக்கு விழ வேண்டியது. நீ என்ன கற்றாயோ அதை நான்தான் கற்றுக்கொடுத்தேன், பல்லைக் காட்டிக்கொண்டு, சோறு பரிமாறிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். வெட்டுகிற சாமர்த்தியம் மட்டும் உனக்குத் தெரிய வேண்டும், வெடித்தது தெரியக் கூடாது என்று முப்பது வருஷம் பார்த்துக்கொண்டேன். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. என் தப்பு என் கணக்கில் இருக்கட்டும், உன் தப்பு உன்னுடையது. எனக்காவது வேறு டயர் கிடைக்கவில்லை. உனக்குப் பத்து நாள் பொறுத்திருந்தால் கிடைக்கும்.

நேற்று நான் கத்தி ஓய்ந்த பிறகு, ஒரு காகிதத்தை நீட்டினாயே, அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "பாருங்க வாப்பா, இதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வண்டில ஏறுவாங்க. விழுந்தா அவங்க பொறுப்பு. ஓட்டுறவங்க தப்பு பண்ணாம ஒண்ணும் ஆகாது" என்றாய். நல்ல தாள், நல்ல எழுத்து, கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறாய். எனக்கு அந்த ஸே லாம்காரனின் குனிந்த தலைதான் தெரிந்தது. நான் அடி விழுந்த பிறகு ஒரு பொய்யைத் தேடினேன். நீ அடி விழுவதற்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறாய். நாளை உன் மேட்டில் ஒரு பெண் கவிழ்ந்து கழுத்தை ஒடித்துக்கொண்டால், அவள் படுக்கையில் கிடந்துகொண்டு, நான்தான் கைப்பிடியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். டயரின் அடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

டயரின் அடியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், நீயே பார்த்திருக்க வேண்டியது. சில லாரி டயர்களைக் கம்பெனியே மறுபடி வெட்டுவதற்கென்று அடியில் கனமாக ரப்பர் வைத்துச் செய்யும், பக்கவாட்டில் அப்படி எழுதியும் இருக்கும். ஏ.டி.வி. டயர் அப்படி இல்லை. எடை குறைய வேண்டும், அமுங்க வேண்டும் என்பதற்காகப் பட்டன்களுக்கு நடுவே ரப்பரை மெல்லிசாக விட்டிருப்பார்கள். அதற்குக் கீழே நேராக நூல். நீ போன பிறகு பதினாறையும் வெளிச்சத்தில் தூக்கி வைத்து, பள்ளம் பள்ளமாக விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்பது டயரில் நூல் தெரிகிறது. மூன்றில் நூலே அறுந்திருக்கிறது. கறுப்பு பூசியிருக்கிறாய், அதனால் நின்று பார்த்தால் தெரியாது. பூசுவதையும் என்னிடமிருந்துதான் கற்றாய். ஆறு பவுண்டு காற்றில் அமுங்கி, செம்மண்ணில் நனைந்து, கருங்கல்லில் ஒரு தடவை இடித்தால் போதும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். லாரி வந்து நிற்கிறது. டிரைவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். ஏற்றுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் ஏற்றவில்லை, இந்தக் கடிதத்தை மட்டும்தான் அவனிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். நிறுத்திவைத்தாலும் போதாது என்று தோன்றிற்று, ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். மத்தியானம் நீ வந்து, முகம் வாடி, "வாப்பா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று கேட்டால் நான் இளகிவிடுவேன். நீ கேட்டு நான் கொடுக்காதது எது? அதனால் கொட்டகைக் கத்தியை எடுத்து, பதினாறு டயரையும் ஒன்றுவிடாமல் பக்கவாட்டில் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கிழிசல், ஒட்ட முடியாத மாதிரி. வேலைக்காரனைக் கேட்காதே, அவன் தொடவில்லை. எனக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

நல்ல டயர், நான் சொன்ன அந்த நடுவாந்தர டயர், போன மாதமே உன்னிடம் கேட்காமல் வரவழைக்கச் சொல்லிவிட்டேன். உன் தலையாட்டலைப் பார்த்தபோதே நீ வாங்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. கப்பல் தாமதம். செவ்வாய்க்கிழமை கைக்கு வரும் என்கிறார்கள். புதன்கிழமை காலையில் உன் இடத்துக்குக் கொண்டுவருகிறேன். கோபமாகவே இரு, பேசாமலேயே இரு, ஆனால் மாட்டும்போது பக்கத்தில் நில். அம்புக்குறியை நீ பார்க்க வேண்டும். அந்தத் தாளையும் அன்று என் முன்னால் திருத்தி எழுது. வண்டியும் டயரும் எங்கள் பொறுப்பு என்று முதல் வரியில் வர வேண்டும். அது வராமல் ஒரு சக்கரத்தையும் நான் இறக்க மாட்டேன்.

டயரைக் கிழித்ததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உனக்குப் பாதியில் நிறுத்தின கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்ததற்குக் கேட்கிறேன். என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும், அதனால் இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே.

நாளை காலை உன் ஆரஞ்சு வாசலில் ஜனங்கள் வந்து நிற்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பழைய சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் வந்திருப்பார்கள். அவர்களிடம் மழை என்று சொல்லாதே. சாமான் வரவில்லை என்று சொல்லாதே. என் பெயரைக்கூட இழுக்காதே. எல்லார் முகத்தையும் பார்த்து, "டயர் சரியில்லைங்க, தப்பு எங்களுடையது" என்று சொல். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம்தான். ஒருவன் கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பதற்காகவே என் முன்னால் நின்றான், நான் சொல்லவில்லை.

உன் வாப்பா